பாதி வால்யூமில் நின்றுபோன சப்: கிளாஸ் டி போர்டும் எஸ்எம்பிஎஸ்ஸும் சேர்ந்து செய்த வேலை

பங்குனித் திருவிழா சீசன் உச்சத்தில் இருந்த நேரம். எங்கள் பக்கத்து மைக்செட் அண்ணன் ஒருவர் சப், அதாவது அடி பாஸுக்கான சப்வூஃபர் ஸ்பீக்கர்களை ஓட்டும் ஒரு ஆம்ப்ளிஃபயரையும், கூடவே ஒரு பிளாஸ்டிக் பையில் கழற்றிப் போட்ட பழைய எஸ்எம்பிஎஸ்ஸையும் (வேகமாகச் சுவிட்ச் செய்து ஓடும் பவர் சப்ளை) தூக்கிக்கொண்டு வந்து மேசைமேல் வைத்தார். சொன்ன குறை ஒரே வரிதான். "தம்பி, முழுசா ஏத்தி வச்சா பாடுது. பாதியில வச்சாத்தான் பொட்டுன்னு நின்னுபோகுது."

இதை அவர் ஏற்கனவே மூன்று பேரிடம் சொல்லியிருக்கிறார், யாரும் நம்பவில்லை. ஏற்றினால் நிற்கும், குறைத்தால் ஓடும், அதுதானே உலக வழக்கம். ஒருவர் மாஸ்ஃபெட்டுகளை (சுவிட்ச் வேலை செய்யும் அவுட்புட் டிரான்சிஸ்டர்கள்) மாற்றினார். ஒருவர் ஸ்பீக்கர் காயில் ஷார்ட் என்றார். மூன்றாமவர், சப்ளை தாங்கவில்லை என்று சொல்லி அதிக வாட்ஸ் போட்ட, ரெகுலேட்டட், அதாவது வோல்டேஜை ஒரே அளவில் பிடித்து வைக்கும் எஸ்எம்பிஎஸ் ஒன்றை வாங்கி மாட்டினார். அதற்குப் பிறகு நிற்பது கொஞ்சம் குறைந்தது, ஆனால் அடி பாஸில் சத்தமே கரகரவென்று ஆகிவிட்டது.

நான் அவர் சொன்னதை அப்படியே எழுதி வைத்துக்கொண்டேன். தினமும் அந்தப் பெட்டியோடு மாரடிப்பவர் சொல்லும் குறை நம் கணக்குக்கு ஒத்துவரவில்லை என்றால், நாம் எடுத்துக்கொண்ட கணக்கு வேறாக இருக்கலாம். இந்தக் கேஸில் கடைசி வரைக்கும் உதவிய தடயம் அந்த ஒரு வரிதான்.

பெட்டிக்குள் என்ன இருந்தது

ஐஆர்எஸ்2092 சிப் போட்ட கிளாஸ் டி போர்டு, இரண்டு சேனல், ஒவ்வொன்றும் அரைப்பாலம் என்று சொல்லும் ஹாஃப் பிரிட்ஜ் அமைப்பு, ஸ்பீக்கரின் ஒரு முனையை மட்டும் ஓட்டுவது. சப்ளை பிளஸ் 50, மைனஸ் 50 வோல்ட். ஒவ்வொரு சேனலிலும் 8 ஓம் 18 இன்ச் ஸ்பீக்கர் இரண்டு பேரலலாக, ஆக 4 ஓம். இரண்டு சேனலுக்கும், பாஸைத் தனியாகப் பிரித்துக் கொடுக்கும் கிராஸ்ஓவரிலிருந்து ஒரே மோனோ பாஸ் சிக்னல்.

இதற்கு முன்னால் அதே பெட்டியில், அதே ஸ்பீக்கர்களுக்கு, 2எஸ்சி5200, 2எஸ்ஏ1943 டிரான்சிஸ்டர் ஜோடிகள் போட்ட கிளாஸ் ஏபி போர்டும், 35-0-35 டொராய்டு டிரான்ஸ்பார்மரும், பக்கத்துக்கு 10,000 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டரும் இருந்திருக்கின்றன. பல வருஷம் ஓடியது. வெயிட், சூடு, ஃபேன் சத்தம் என்ற மூன்று காரணங்களுக்காகத்தான் மாற்றினார். 35 வோல்ட் ஏசியை 1.414-ஆல் பெருக்கினால் 49.5, அதாவது வோல்டேஜ் கிட்டத்தட்ட அதேதான். வோல்டேஜ் அதே, ஸ்பீக்கர் அதே, பாட்டும் அதே என்று பார்த்துப் பார்த்துத்தான் மூன்று பேரும் ஏமாந்தார்கள்.

மூடியைத் திறந்தபோது முதலில் கண்ணில் பட்டது சப்ளை முனையில் இருந்த இரண்டு கெப்பாசிட்டர்கள். 1000 மைக்ரோஃபாரட், 63 வோல்ட். இரண்டின் தலையும் லேசாக உப்பியிருந்தன. ஒன்று மட்டும் உப்பியிருந்தால் பழசு என்று விட்டுவிடலாம். பிளஸ் பக்கமும் மைனஸ் பக்கமும் ஒரே அளவுக்கு உப்பியிருப்பது, 50 வோல்ட் சப்ளையில் 63 வோல்ட் கெப்பாசிட்டர், அதுவும் ஒரு வருஷம்கூட ஓடாதது... அதற்கு 63-க்குப் பக்கத்தில் ஏதோ கிடைத்திருக்கிறது. ஆனால் மீட்டரை வைத்துப் பார்த்தால் சும்மா இருக்கும்போது 50.4, பாடும்போது 52, 53. மீட்டரில் தப்பே தெரியவில்லை.

கிளாஸ் விஷயம், இந்தக் கேஸுக்கு வேண்டிய அளவுக்கு

கிளாஸ் ஏ-யில் அவுட்புட் டிரான்சிஸ்டர் முழு நேரமும் கரண்ட் கடத்திக்கொண்டே இருக்கும். இந்த சப் அளவுக்குப் புஷ்புல் கிளாஸ் ஏ கட்டினால், பாட்டே போடாமல் சும்மா இருக்கும்போதே சேனலுக்கு 500 வாட்ஸுக்கு மேல் ஹீட்சிங்க்கில் எரியும். திருவிழாவுக்கு ஆகாது. கிளாஸ் பி-யில் ஒரு டிரான்சிஸ்டர் மேல் பாதி அலைக்கும், ஒன்று கீழ்ப் பாதிக்கும், நடுவில் இரண்டும் மூடியிருக்கும் இடத்தில் சத்தம் கீறும். அந்த இடத்தை மூட இரண்டுக்கும் கொஞ்சம் பயாஸ், அதாவது எப்போதும் லேசாகத் திறந்தே வைக்கும் வோல்டேஜ், கொடுத்தால் ஏபி. தியரிப்படி பி-யின் உச்ச எஃபிஷியன்ஸி 78.5 சதவீதம், ஏபி அதைவிடச் சற்றுக் கீழே நிற்கும். கிளாஸ் ஜி, எச் என்பவை ஏபி-தான், சிக்னல் சின்னதாக இருக்கும்போது சின்ன வோல்டேஜிலும் பெரிதாகும்போது பெரிய வோல்டேஜிலும் ஓடும்படி சப்ளையை மாற்றிக் கொடுப்பவை. 1977-இல் ஹிட்டாச்சி ஜி-யைக் கொண்டுவந்தது. இங்கே அவை வேண்டாம்.

டி வேறு ஜாதி. டி என்றால் டிஜிட்டல் என்று இன்னும் பலர் சொல்கிறார்கள், இல்லை. ஏ, பி, சி-க்கு அடுத்த எழுத்து, அவ்வளவுதான். இரண்டு மாஸ்ஃபெட்டுகள் சுவிட்ச் மாதிரி மாறி மாறித் திறந்து மூடும் (திறந்தால் கரண்ட் போகும், மூடினால் நிற்கும்), ஒரு வினாடிக்கு மூன்று நான்கு லட்சம் தடவை. அவுட்புட் முனை ஒன்று பிளஸ் 50-இல் இருக்கும், அல்லது மைனஸ் 50-இல் இருக்கும், நடுவில் எங்கும் நிற்காது. எது எவ்வளவு நேரம் திறந்திருக்கிறது என்ற விகிதம்தான் பாட்டு. பிறகு ஒரு காயிலும் கெப்பாசிட்டரும் அந்த வெட்டுகளை வழித்து எடுத்துவிட்டு ஆடியோவை மட்டும் ஸ்பீக்கருக்கு அனுப்பும். இந்த போர்டில் 22 மைக்ரோஹென்றி, 0.68 மைக்ரோஃபாரட், அதாவது சுமார் 41 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் உள்ளதை நிறுத்தும் ஃபில்டர்.

இப்போது சப்ளையின் பக்கம் நின்று பார்க்க வேண்டும். ஏபி-யில் ஸ்பீக்கருக்குப் பிளஸ் கரண்ட் போகும்போது பிளஸ் சப்ளை மட்டும்தான் வேலை செய்கிறது, மைனஸ் சப்ளை சும்மா நிற்கிறது. ஹாஃப் பிரிட்ஜ் டி-யில் அப்படி இல்லை. காயிலில் ஓடும் கரண்ட் மாஸ்ஃபெட் மாறியதும் நின்றுவிடாது, அதே திசையில் ஓடிக்கொண்டே இருக்கும். மேல் சுவிட்ச் மூடிக் கீழ் சுவிட்ச் திறந்த அந்தக் கொஞ்ச நேரத்தில், ஸ்பீக்கருக்குப் போகும் அதே பிளஸ் கரண்ட் மைனஸ் சப்ளை வழியாகச் சுற்றுகிறது. மைனஸ் சப்ளையிலிருந்து எடுப்பதற்குப் பதிலாக அதற்குள் கரண்ட்டை ஏற்றுகிறது. இதைத்தான் பம்பிங் என்கிறோம்.

ஏற்றிய கரண்ட் எங்கே போகும்? சப்ளையின் ரெக்டிஃபயர் டயோடுகள் ஒருவழிப்பாதை, கிணற்று மோட்டார் பைப்பில் போடும் நான்-ரிட்டர்ன் வால்வு மாதிரி, மேலே போனது கீழே இறங்காது. கரண்ட் திரும்பக் கரண்ட் கம்பத்துக்குப் போக வழியில்லை. கெப்பாசிட்டர் ஒன்றுதான் அதற்கு இடம். கெப்பாசிட்டர் பெரிதாக இருந்தால் வோல்டேஜ் கொஞ்சம் ஏறும், சின்னதாக இருந்தால் நிறைய ஏறும்.

எஸ்எம்பிஎஸ்ஸில் கெப்பாசிட்டர் சின்னதாகத்தான் இருக்கும், அது தப்பே இல்லை. 50 ஹெர்ட்ஸ் டிரான்ஸ்பார்மர் வினாடிக்கு 100 தடவைதான் கெப்பாசிட்டரை நிரப்பும், இடைப்பட்ட நேரத்துக்குச் சேமித்து வைக்கப் பெரிய கெப்பாசிட்டர் வேண்டும். எஸ்எம்பிஎஸ் பல ஆயிரம் தடவை நிரப்புகிறது, 1000 மைக்ரோஃபாரடே தாராளம். கொடுப்பதற்குத் தாராளம் என்று சொல்கிறேன், வாங்கிக்கொள்வதற்கு அல்ல. பையில் வந்த பழைய எஸ்எம்பிஎஸ்ஸில் பக்கத்துக்கு 1000, ஆம்ப் போர்டில் 1000, மொத்தம் 2000. முன்பு டிரான்ஸ்பார்மரோடு இருந்தது 10,000.

கணக்கும் ஸ்கோப்பும்

சேனலுக்கு இரண்டு 8 ஓம் அலுமினிய உறை ரெசிஸ்டர்களைப் பேரலலாகப் பெரிய ஹீட்சிங்க்கில் முடுக்கி டம்மி லோடு ஆக்கினேன். ராத்திரி பத்து மணிக்கு மேல் ஸ்பீக்கர் போடச் சட்டமும் விடாது, தெருவும் விடாது, இந்த மாதிரி சோதனைக்கு ரெசிஸ்டர்தான் நல்லது. உப்பிய கெப்பாசிட்டர்களை மாற்றி 100 வோல்ட் போட்டேன், மதிப்பு அதே 1000, குறையை அப்படியே பார்க்க வேண்டும் என்பதால். பழைய, ரெகுலேஷன் இல்லாத எஸ்எம்பிஎஸ்ஸை மாட்டி, இரண்டு சேனலுக்கும் ஒரே சைன் அலை, உச்சம் 32 வோல்ட், அதாவது 4 ஓமில் 128 வாட்ஸ்.

100 ஹெர்ட்ஸில் சப்ளையின் உச்சம் 56 வோல்ட். 60-இல் 60. 50 ஹெர்ட்ஸில் 62-க்குக் கொஞ்சம் கீழே. 40-இல் 64. மெதுவாக இறக்கி 38 தொடும்போது ரிலே டப்பென்று விழுந்தது. போர்டின் ஓவர்வோல்டேஜ் பாதுகாப்பு 65 வாக்கில் வேலை செய்கிறது. வோல்டேஜின் அலையைத் திரையில் காட்டும் ஆசிலாஸ்கோப்பில், அதாவது ஸ்கோப்பில் பார்த்தால் இரண்டு சப்ளையும் ஏற்றம் இறைப்பது போல, ஒன்று மேலே போகும்போது மற்றது கீழே வருகிறது. மீட்டர் இதன் சராசரியைத்தான் காட்டும், அதனால்தான் 52, 53 என்று சொல்லிக்கொண்டிருந்தது.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். சேனல் ஒன்று எதிர்ச் சப்ளைக்குள் ஏற்றும் சராசரி கரண்ட் இந்த லெவலில் சுமார் 1.27 ஆம்பியர், இரண்டு சேனலுக்கு 2.53. 40 ஹெர்ட்ஸில் பாதி அலை 12.5 மில்லிசெகண்ட். பெருக்கி 2000 மைக்ரோஃபாரடால் வகுத்தால் 15.8 வோல்ட். அளந்தது 14. போர்டு தன் சொந்தச் செலவுக்குக் கொஞ்சம் எடுத்துக்கொள்கிறது, வோல்டேஜ் ஏற ஏறப் பம்பிங்கும் கொஞ்சம் குறைகிறது. போதுமான பொருத்தம்.

அடுத்தது அண்ணன் சொன்ன வரி. 40 ஹெர்ட்ஸிலேயே வைத்து வால்யூமை ஏற்றினேன். அவுட்புட் கூடியது, சப்ளையின் உச்சம் 64-இலிருந்து 60 பக்கம் இறங்கியது! அவர் சொன்னது எழுத்துக்கு எழுத்து உண்மை. காரணம் இதுதான்: பம்பிங் இரண்டு விஷயங்களின் பெருக்கல். ஸ்பீக்கர் கரண்ட் எவ்வளவு என்பது ஒன்று, எதிர் சுவிட்ச் எவ்வளவு நேரம் திறந்திருக்கிறது என்பது மற்றொன்று. வால்யூம் ஏறினால் கரண்ட் கூடும், ஆனால் எதிர் சுவிட்ச் திறந்திருக்கும் நேரம் குறையும். சைன் அலையில் இந்தப் பெருக்கல் உச்சத்தைத் தொடுவது சப்ளை வோல்டேஜின் 64 சதவீதத்தில், 50-க்கு 32 வோல்ட். முழு பவரில் 40 சதவீதம். "பாதியில வச்சாத்தான்" என்று அவர் சொன்ன பாதி இதுதான்.

இதில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. கிளாஸ் பி, ஏபி ஆம்ப்ளிஃபயர் அதிகபட்சம் சூடாவதும் இதே 64 சதவீதத்தில்தான், அதே வளைவு, அதே கணக்கு. அவருடைய பழைய ஏபி போர்டு இந்த லெவலில் சேனலுக்கு 120 வாட்ஸ் சூட்டை ஹீட்சிங்க்கில் கொட்டியிருக்கும், முழு வால்யூமில் அதைவிடக் குறைவு. "அந்தப் பழைய செட்டும் நடு வால்யூம்லதான் அண்ணே ரொம்பச் சுட்டிருக்கும்" என்றேன். கொஞ்சம் யோசித்து, ஆமாம், பேச்சுக்கச்சேரி நடக்கும்போது சுடாது, முழுசா அடிக்கும்போதும் அவ்வளவு இல்லை, நடுவில்தான் ஃபேன் கத்தும் என்றார். ஏபி-யில் ஹீட்சிங்க் தாங்கிய சுமை, டி-யில் எதிர்ச் சப்ளையின் கெப்பாசிட்டர் தலையில் வந்து உட்காருகிறது. கிளாஸை மாற்றினால் சப்ளையிடம் கேட்கும் கேள்வியே மாறிவிடுகிறது, வாட்ஸும் வோல்டேஜும் மட்டும் பார்த்து எஸ்எம்பிஎஸ் வாங்கக் கூடாது என்று நான் பிடிவாதமாகச் சொல்வது இதனால்தான்.

புது எஸ்எம்பிஎஸ்ஸில் கரகரப்பு வந்ததும் இதே கதையின் இன்னொரு கிளை. அது பிளஸ்ஸுக்கும் மைனஸுக்கும் இடையிலான மொத்த 100 வோல்ட்டைப் பார்த்துத் தன்னைச் சரிசெய்துகொள்ளும். பம்பிங்கில் பிளஸ் ஏறினால், மொத்தம் கூடிவிட்டது என்று நினைத்து அது கொடுப்பதைக் குறைக்கிறது. ஆனால் அதே நேரத்தில் ஸ்பீக்கருக்குக் கரண்ட் கொடுத்துக்கொண்டிருப்பது மைனஸ் பக்கம். தேவைப்படும் நேரத்தில் அது பட்டினி. ஸ்கோப்பில் ஒரு பக்கம் ஏறும்போது மறுபக்கம் சுமார் 10 வோல்ட் தொங்கியது, அலையின் தலை வெட்டுப்பட்டது. நல்ல, விலை கூடிய எஸ்எம்பிஎஸ்தான் அது. ரெகுலேஷன் என்ற நல்ல குணமே இந்த இடத்தில் எதிராகப் போயிற்று.

ஒரு சரிபார்ப்புக்காகப் பழைய டொராய்டையும் அந்த 10,000 மைக்ரோஃபாரட் வங்கியையும் கொண்டுவரச் சொல்லி, இதே டி போர்டில் மாட்டினேன். 40 ஹெர்ட்ஸில் ஏற்றம் 3 வோல்ட்டுக்கும் கீழே. நிற்கவே இல்லை. அண்ணன் முகம் வாடிவிட்டது, திரும்ப அந்த வெயிட்டைத் தூக்க வேண்டுமா என்று.

செய்தது

வேண்டியதில்லை. ஒரு சேனலின் இன்புட்டைத் தலைகீழாக்கினேன், அதே சேனலின் ஸ்பீக்கர் வயரையும் தலைகீழாக மாட்டினேன். ஸ்பீக்கர்கள் எப்போதும் போல ஒரே திசையில்தான் தள்ளும். ஆனால் போர்டுக்குள் முதல் சேனல் பிளஸ்ஸிலிருந்து எடுக்கும்போது இரண்டாவது மைனஸிலிருந்து எடுக்கிறது. ஒன்று எதிர்ச் சப்ளைக்குள் ஏற்றுவதை மற்றது அங்கேயே செலவழித்துவிடுகிறது. பாஸ் பெரும்பாலும் மோனோதான், அதனால் இந்தத் தந்திரம் சப்புக்குக் கச்சிதமாகப் பொருந்தும்.

பேலன்ஸ்டு இன்புட் இருந்திருந்தால் எக்ஸ்எல்ஆர் பின்னில் இரண்டையும் மூன்றையும் மாற்றிப் பற்றவைத்தால் முடிந்தது. இந்த போர்டில் சாதாரண இன்புட்தான். அதனால் ஒரு என்இ5532 ஐசியில் 10 கிலோ ஓம் ரெசிஸ்டர் இரண்டு போட்டு, கெயின் ஒன்று உள்ள இன்வெர்ட்டர் கட்டினேன், கையகலப் போர்டு, செலவு நூறு ரூபாய்க்குள். ஸ்பீக்கர் பக்கம் வயரை மாற்றியதும், 1.5 வோல்ட் செல்லை ஒவ்வொரு கேபிளின் ஆம்ப் பக்க நுனியில் ஒரு நொடி தொட்டுப் பார்த்தேன். ஆம்ப்பின் ஹாட் முனைக்கு (கிரவுண்டு அல்லாத, சிக்னல் வரும் முனை) போகும் நுனியில் செல்லின் பிளஸ்ஸை வைத்தால், முதல் சேனல் கோன் வெளியே வர வேண்டும், இரண்டாவது உள்ளே போக வேண்டும். இந்த ஒரு நொடி சோதனையை விட்டுவிட்டால் இரண்டு சப்பும் ஒன்றை ஒன்று அடித்துக்கொண்டு பாஸே இல்லாமல் போகும், அப்புறம் மைதானத்தில் நின்று தேட வேண்டியதுதான்.

திரும்பவும் அதே சோதனை, பழைய எஸ்எம்பிஎஸ்ஸோடு. 40 ஹெர்ட்ஸ், 32 வோல்ட் உச்சம்: சப்ளை 51-ஐத் தாண்டவில்லை. 30, 25, 20 ஹெர்ட்ஸ் வரை இறக்கியும் நிற்கவில்லை.

இதோடு இரண்டு வேலைகள் சேர்த்துச் செய்தேன். போர்டில் இருந்த 1000-ஐ 2200 மைக்ரோஃபாரட், 100 வோல்ட் ஆக்கினேன். அதற்கு மேல் போகவில்லை. எஸ்எம்பிஎஸ்ஸின் வாயில் கண்டபடி பெரிய கெப்பாசிட்டர் வைத்தால் ஸ்டார்ட் ஆகும்போது அது ஷார்ட் என்று நினைத்து விட்டுவிட்டுத் துடிக்கும், 10,000 வைத்துக் கெடுத்த கேஸ்களையும் பார்த்திருக்கிறேன். அடுத்தது, கிராஸ்ஓவரில் 30 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டும் ஃபில்டர். ஒரு சேனல் பழுதாகி மற்றது தனியாக ஓடும் நாள் வந்தால் எதிர்ச் சேனலின் துணை இருக்காது, அன்றைக்கு இந்த இரண்டும் காப்பாற்றும்.

ஸ்கோப் இல்லாதவர்கள் இதைக் கண்டுபிடிக்க ஒரு வழி. 1என்4007 டயோடு ஒன்று, 10 மைக்ரோஃபாரட் 100 வோல்ட் கெப்பாசிட்டர் ஒன்று. டயோடின் ஆனோடைப் பிளஸ் சப்ளையில், கேத்தோடைக் கெப்பாசிட்டரின் பிளஸ்ஸில், கெப்பாசிட்டரின் மைனஸை கிரவுண்டில் வைத்து, கெப்பாசிட்டரின் மேல் டிஜிட்டல் மீட்டரை வைத்தால் உச்சத்தைப் பிடித்து நிறுத்திக் காட்டும், 0.6 வோல்ட் வாக்கில் குறைவாக. மைனஸ் சப்ளைக்கு டயோடு, கெப்பாசிட்டர் இரண்டையும் திருப்பிப் போட வேண்டும். சப்ளையின் சாதாரண அளவைவிட இது ஐந்தாறு வோல்ட் கூடக் காட்டினால், பம்பிங்கைத் தேடுங்கள்.

வீட்டில் டிபிஏ3116 போர்டு வைத்திருப்பவர்கள் பயப்பட வேண்டாம். அது 24 வோல்ட் ஒற்றைச் சப்ளையில், ஸ்பீக்கரின் இரண்டு முனையையும் ஓட்டும் முழுப் பாலம், ஒரு பக்கம் ஏற்றுவதை மறுபக்கம் எடுத்துக்கொள்ளும். டிடிஏ7294 போன்ற ஏபி சிப்பில் இந்தப் பேச்சே இல்லை. பிளஸ் மைனஸ் சப்ளை, ஹாஃப் பிரிட்ஜ் டி, அடி பாஸ், சின்ன கெப்பாசிட்டர் ஆகிய நான்கும் ஒன்றுகூடும் இடத்தில்தான் தகராறு.

பெட்டியை மூடுவதற்கு முன் இரண்டாவது சேனலின் ஸ்பீக்கர் சாக்கெட் மேல் சிவப்பு பெயின்டில் "திருப்பி மாட்டியது" என்று எழுதி, அதன் கேபிளிலும் சிவப்பு டேப் சுற்றினேன். திருவிழா அவசரத்தில் பையன்கள் கேபிளை மாற்றி மாட்டுவார்கள். அண்ணன் அந்த வாரமே மூன்று ராத்திரி ஓட்டினார். நான்காம் நாள் காலையில் வந்து, பெட்டியைத் திறந்து காட்டச் சொல்லி, புதுக் கெப்பாசிட்டர்களின் தலையை விரலால் தடவிப் பார்த்தார். தட்டையாக இருந்தன. பிறகு வண்டியிலிருந்து அடுத்த பெட்டியை இறக்கினார், அதிலும் அதே போர்டு, அதே எஸ்எம்பிஎஸ்.